தீர்த்தம் பட்ட கோல்கீப்பர்

விஜிலா வராந்தாவில் நடந்தால் சுவரை ஒட்டித்தான் நடப்பாள். எதிரே ஆள் வந்தாலும் வராவிட்டாலும் அப்படித்தான். இடது கையில் வாளி, வலது தோள் சுவரோடு சுவராக. பதினோரு வருடமாக அந்தப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் கட்டடத்தைப் பெருக்கித் துடைக்கிறாள். நடு வராந்தாவில் அவள் நடந்து பார்த்தவர்கள் யாரும் இல்லை. கூட வேலை செய்யும் முத்துக்கனிக்கு அது தினமும் ஒரு கேலி.

“ஏளா, சொவரு விழுந்துரும்னு முட்டுக் குடுத்துக்கிட்டே போறியோ? நீ லீவு போட்ட அன்னைக்கும் அது நின்னுக்கிட்டுத்தான இருந்துச்சு.”

விஜிலா சிரிப்பாள். பதில் சொல்ல மாட்டாள். பதில் தோன்றாமல் இல்லை. தோன்றிய பதில் வாய்க்கு வருவதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும்.

சொந்த ஊர் புன்னைக்காயல். எட்டாம் வகுப்பில் பாதியில் நின்றுவிட்டாள். அம்மா மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு ஏரலுக்கும் ஆத்தூருக்கும் போகத் தொடங்கிய வருடம் அது. வீட்டில் இரண்டு தம்பிகள். பள்ளிக்கூடம் நின்றதில் அவளுக்கு வருத்தத்தைவிட நிம்மதிதான் கூடுதலாக இருந்தது. இனி எழுந்து நின்று சத்தமாக வாசிக்க வேண்டாம். இப்போது வயது நாற்பத்திரண்டு. புருஷன் மனுவேல் தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் வேலை செய்கிறான். ஒரு மாதம் கடலில் இருந்தால் பதினைந்து நாள் வீட்டில். மகள் நாகர்கோவிலில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள்.

காலையில் ஊர் பஸ்ஸில் ஆத்தூர் வந்து, திருச்செந்தூரிலிருந்து தூத்துக்குடி போகும் பஸ்ஸுக்கு மாறுவாள். பழையகாயலைத் தாண்டி உப்பளங்களுக்கு நடுவே பல்கலைக்கழகம். இறங்கி நடக்கும்போதே உதட்டில் உப்புக் கரிக்கும்.

அந்தக் கட்டடத்தில் இருபத்து மூன்று அறைகள் அவள் பொறுப்பு. அவற்றில் ஒன்றுக்கு மட்டும் கடைசியாகப் போவாள், பிடித்த பலகாரத்தைக் கடைசியில் தின்பது மாதிரி. இரண்டாவது மாடியின் மூலையில் இருந்த ரோபோ அறை. மாணவர்கள் ஆறு பேர் சேர்ந்து அங்கே கால்பந்து ஆடும் ரோபோக்களைச் செய்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு ரோபோவும் ஒரு குக்கர் உயரம். அடியில் நான்கு சக்கரம். தலையில் வட்ட வட்டமாகக் கலர் காகிதம் ஒட்டியிருக்கும். தரையில் பச்சைக் கம்பளம், அதில் வெள்ளைக் கோடு போட்ட மைதானம். மேலே கூரையில் ஒரு கேமரா. அந்தக் கேமரா கலர் வட்டங்களைப் பார்த்து எந்த ரோபோ எங்கே நிற்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் ரோபோக்களுக்குச் சொல்லும். ஆட்டம் தொடங்கிவிட்டால் மனிதர் யாரும் கை வைக்கக்கூடாது. பந்து ஒரு நார்த்தங்காய் அளவுகூட இருக்காது, ஆரஞ்சு நிறம்.

இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் இல்யாஸ். மூன்றாம் ஆண்டு மாணவன், காயல்பட்டினத்துப் பையன். அந்த ஊரில் பையன்கள் நடக்கத் தொடங்கும்போதே பந்தை உதைக்கத் தொடங்கிவிடுவார்கள் என்பார்கள். இவனும் ஊர் கிளப்பில் கோல் காத்தவன். முழங்கால் ஒருமுறை பிசகியதோடு மைதானம் போயிற்று. அணியின் கோல்கீப்பர் ரோபோவை அவன்தான் செய்தான், ஒரு கம்பி விடாமல். அவன் வருவதும் அதே திருச்செந்தூர் பஸ்தான். ஆத்தூரில் அவள் ஏறும்போது பக்கத்து இருக்கையிலிருந்து பையை எடுத்துவிட்டு, “அக்கா, இங்கன வாங்க” என்பான்.

பழக்க ஆட்டம் நடக்கும் நாட்களில் அவர்கள் விஜிலாவைத் துடைப்பத்தைக் கீழே வைக்கச் சொல்லி நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். “எங்களுக்கு இருக்கது ஒரே ஒரு ரசிகை. நீங்களும் போயிட்டா யாருக்கு ஆடிக் காட்ட?” என்பான் பால்துரை. அவன்தான் கேமராவைப் பார்த்துக்கொள்பவன், வாய் ஓயாதவன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து அவள் பார்ப்பாள். பதினோரு வருடத்தில் அந்தக் கட்டடத்தில் அவளை உட்காரச் சொன்னவர்கள் அவர்கள் மட்டும்தான்.

முந்தைய வருடம் கோயம்புத்தூரில் நடந்த போட்டிக்குப் போய், ஒரு கோல்கூடப் போடாமல் திரும்பி வந்தார்கள். அணித்தலைவி ஜெஸ்மி அந்தப் பச்சைக் கம்பளத்தில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்து அழுதாள். விஜிலா அவளைச் சுற்றிப் பெருக்கினாள். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்ல ஆசைதான், வரவில்லை. அடுத்த முறை இந்தப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தாள். அந்த நினைப்பில் ஒரு குற்றமும் இல்லை. வந்த வினையெல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

புன்னைக்காயலில் புது வள்ளம் தண்ணீரில் இறங்கும் முன்பு பங்குச் சாமியார் வந்து மந்திரிப்பார். உப்பை மந்திரித்துத் தண்ணீரில் கரைத்து, ஜெபம் சொல்லித் தீர்த்தமாக்கி, வள்ளத்தின் முன்முனையிலும் வலையிலும் தெளிப்பார். வீட்டுக்கு வீடு ஒரு பாட்டில் தீர்த்தமும் ஒரு பொட்டலம் மந்திரித்த உப்பும் இருக்கும். புது வலை, புது மோட்டார் சைக்கிள், பரீட்சைக்குப் போகும் பிள்ளையின் பேனா என்று எதற்கும் இரண்டு சொட்டு. தொழிலுக்குப் போகும் எதையும் அப்படியே அனுப்பும் வழக்கம் அங்கே இல்லை.

இந்த முறை போட்டிக்குக் கிளம்புகிற வெள்ளிக்கிழமை. புரட்டாசி வெயில். பிள்ளைகள் பத்து மணிக்கு ரயிலடிக்குப் போக வேண்டும். விஜிலா ஏழரைக்கெல்லாம் ரோபோ அறையைத் திறந்தாள். முந்தின நாளே வீட்டில் பாட்டிலை எடுத்துப் பார்த்திருந்தாள். தீர்த்தம் அடியில் நாலு விரல்தான் கிடந்தது. பைப்புத் தண்ணீர் கொஞ்சம் சேர்த்து, பொட்டலத்திலிருந்த உப்பில் ஒரு கை அள்ளிப் போட்டுக் குலுக்கினாள். பெரிய காரியம், கொஞ்சம் கூடவே இருக்கட்டும் என்று.

யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகளில் ஒருவன் தொழுகிறவன், இரண்டு பேர் திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்துகொண்டவர்கள். கேட்டால் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டார்கள், சரி என்று சொல்லவும் சங்கடப்படுவார்கள். சொல்லாமல் செய்துவிட்டால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

ஆறு ரோபோக்களும் மேசையில் வரிசையாக இருந்தன. ஐந்துக்கு மூடி போட்டிருந்தது. ஒன்று மட்டும் மூடி கழற்றிக் கிடந்தது: கோல்கீப்பர். இல்யாஸ் முந்தின நாள் ஏதோ கம்பியை மாற்றிவிட்டு, காலையில் ஒருமுறை பார்த்துவிட்டு மூடலாம் என்று வைத்துப் போயிருந்தான். விஜிலா சிலுவை வரைந்துகொண்டு, உள்ளங்கையில் ஊற்றி ஒவ்வொன்றாகத் தெளித்தாள். கோல்கீப்பருக்கு மூன்று தடவை. மற்றவை விட்டாலும் அது விடக்கூடாது அல்லவா. தண்ணீர் உள்ளே போய்ப் பச்சைத் தகட்டின் மேல் முத்து முத்தாக நின்றதை அவள் பார்த்தாள். காய்ந்துவிடும் என்று நினைத்தாள். மேசையைத் துடைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனாள்.

ஒன்பது மணிக்கு இல்யாஸ் வந்து மூடியைப் பொருத்தும்போது அது காய்ந்துதான் இருந்தது.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தார்கள். முத்துக்கனிதான் முதலில் சொன்னாள்: “தோத்துட்டுல்லா வந்திருக்குதுங்க. ரெண்டாவது ஆட்டத்துல கோல்கீப்பர் கிறுக்குப் பிடிச்சு ராட்டினம் மாதிரிச் சுத்தி, தம் பந்தைத் தானே உள்ள தள்ளிட்டாம்.”

விஜிலா துடைப்பத்தோடு அந்த அறைக்குப் போனபோது ஆறு பேரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். உதவிப் பேராசிரியர் கிருபாநிதி நடுவில் உட்கார்ந்திருந்தார். அணியை ஆரம்பித்து வைத்தவர் அவர்தான். மேசையில் கோல்கீப்பர் திறந்து கிடந்தது. பச்சைத் தகட்டில் வெள்ளையும் பாசி நிறமுமாகப் படிவு பூத்திருந்தது.

“இது என்னதுலே, சொல்லு பாப்போம்” என்றார் கிருபாநிதி, இல்யாஸைப் பார்த்து.

“உப்பு மாதிரி இருக்கு சார்.”

“மாதிரியா? நாக்குல வச்சே பாத்துட்டேன். சாம்பாருக்குப் போடலாம்.”

“கோல்கீப்பரைக் கருவாடு போட்டுட்டாங்க சார்” என்றான் பால்துரை. எல்லோரும் சிரித்தார்கள், இல்யாஸும் சேர்ந்து. விஜிலாவின் கையில் துடைப்பம் நின்றது. உப்பு என்ற சொல் காதில் விழுந்த அந்த நொடியிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. உப்பளத்துக்கு நடுவே வேலை செய்கிறவள். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து இழுத்து, கதவுக் கீலைத் தின்று, ஜன்னல் கம்பியைத் தின்று தீர்ப்பதை வருடம் முழுக்கத் துடைத்து எடுக்கிறவள்.

ஜெஸ்மி சிரிக்கவில்லை. போனை எடுத்து மேசையில் வைத்தாள். “இல்யாஸ், கிளம்புறதுக்கு முந்தின புதன்கிழமை நீ வச்ச ஸ்டேட்டஸ் இது.”

படத்தில் காயல்பட்டினம் கடற்கரை. குட்டைச் சுவர் ஒன்றின் மேல் கோல்கீப்பர் நிற்கிறது. சுற்றிப் பத்துப் பன்னிரண்டு சின்னப் பையன்கள். கீழே, ‘எங்க ஊரு புது கோல்கீப்பர்’ என்று எழுதியிருந்தது.

இல்யாஸின் முகம் மாறிற்று. “பத்து நிமிஷம்தான் சார். மணல்ல வைக்கவே இல்ல. பிள்ளைங்க பாக்கணும் பாக்கணும்னு கேட்டாங்க.”

“கடக்கரைக் காத்துக்குப் பத்து நிமிஷம் போதாதா? தொறந்து காட்டுனியா?”

இல்யாஸ் தலையைக் குனிந்தான். “மூடியைக் கழத்திக் காட்டுனேன்.”

“லேபை விட்டு வெளிய எடுத்துட்டுப் போகக்கூடாதுன்னு கதவுல ஒட்டியிருக்கா, இல்லையா?”

“இருக்கு சார்.”

“ஆறு பேரு ஒரு வருஷமா உழைச்சிருக்காங்கலே. இதுல ஜெயிச்சிருந்தா வெளிநாட்டுப் போட்டிக்குப் போயிருக்கலாம். உனக்கு ஊர்ல படம் காட்டணும்.”

நான்தான் சார். சொல்ல வேண்டியது இரண்டே வார்த்தை. விஜிலா ஒரே சதுரக் கல்லைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு பேர் நடுவில் தன் குரல் எப்படிக் கேட்கும் என்று நினைத்தாள். அப்புறம், இவர் பேசி முடிக்கட்டும் என்று நினைத்தாள். அவர் பேசி முடித்தார்.

“சாவியை வச்சுட்டுப் போ. டீம்ல இனி நீ வேண்டாம்.”

சாவி மேசையில் விழுந்த சத்தம் கேட்டது. இல்யாஸ் அவளைக் கடந்துதான் வெளியே போனான். ஈரத்தில் கால் வைத்துவிடக்கூடாது என்று, அந்த நிலையிலும், ஓரமாகத் தாண்டிப் போனான்.

அன்றைக்குச் சாயங்காலம் மனுவேல் மாலத்தீவிலிருந்து பேசினான். வேறு யாரிடமும் சொல்ல முடியாததை அவனிடம் சொன்னாள். அவன் அந்தப் பக்கத்தில் மூச்சு வாங்கச் சிரித்தான்.

“என்ஜின்மேல யாராவது தீர்த்தம் தெளிப்பாவளாளா? சாமியாரே என்ஜின் பக்கம் வந்தா கையைச் சுருக்கிக்கிடுவாரு! ஏலே அய்யாக்குட்டி, இங்கன வா, எம் பொண்டாட்டி பண்ணுன கூத்தைக் கேளு...”

உண்மைதான். எத்தனை வள்ளம் மந்திரிப்பதைப் பார்த்திருக்கிறாள். முன்முனையில் தெளிப்பார்கள், வலையில் தெளிப்பார்கள். என்ஜின்மேல் ஒரு சொட்டு விழுந்தால் கடற்காரன் சாமியார் முன்னாலேயே துணியெடுத்துத் துடைத்துவிடுவான். புன்னைக்காயலில் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது தனக்கு அன்றைக்குத் தெரியாமல் போயிற்றே என்று நினைக்க நினைக்க உடம்பு கூசியது. படிக்காதவள் கம்ப்யூட்டரைப் பற்றித் தெரியாமல் செய்துவிட்டாள் என்றுகூடச் சொல்லிக்கொள்ள முடியாது. தன் ஊர்த் தொழிலே தெரியாதவளாக அல்லவா செய்திருக்கிறாள்.

மனுவேல் சிரித்து முடித்துவிட்டுக் கேட்டான்: “அவங்க என்ன சொல்லுதாங்க?”

“காயல்பட்டினத்துப் பையன் ஒருத்தன்தான் கெடுத்தான்னு சொல்லுதாங்க. அவனை டீமை விட்டு எடுத்தாச்சு.”

“நீ சொல்லலியா?”

“சரியாக் கேக்கல” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். நன்றாகத்தான் கேட்டது.

சனிக்கிழமை, செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குக் கோயிலுக்குப் போனாள். வரிசையில் நின்று, முழந்தாளிட்டு, கம்பித் தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியாரின் மூச்சைக் கேட்டதும் இன்னொரு சங்கடம் வந்தது. அந்த உப்பை மந்திரித்தவர் இதே சாமியார். அவர் மந்திரித்ததால்தான் கெட்டது என்று புகார் சொல்வதுபோல் ஆகிவிடாதா? மாமியாரைப் பற்றிக் குறை பேசியதையும், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாததையும் சொல்லி எழுந்து வந்தாள். சாமியார் சொன்ன ஜெபங்களை இரண்டு மடங்காகச் சொன்னாள். அது கணக்கில் சேராது என்று அவளுக்கே தெரியும்.

பஸ்ஸில் இல்யாஸ் இப்போது கடைசி இருக்கைக்குப் போய்விட்டான். அவள் ஏறினால் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான். தன்னைக் கண்டுபிடித்துவிட்டானோ என்று முதலில் பயந்தாள். ஒருநாள் கூட்டம் நெருக்கியதில் இருவரும் பக்கத்தில் நிற்க வேண்டி வந்தது.

“உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்லாக்கா?” என்றான் அவன், பஸ் கம்பியைப் பார்த்துக்கொண்டே. “நான்தான் கெடுத்தேன். ஜெஸ்மி எவ்வளவு பாடுபட்டா. ஊர்ல பீத்திக்கிடணும்னு கொண்டுபோனேன். உம்மாகிட்டகூடச் சொல்லல நான்.”

சொல்லிவிட்டால் அந்தக் கணமே அவன் முகம் மாறிவிடும். அவள் வாயைத் திறந்தாள்.

“சாப்டியா?” என்றாள்.

“ம்.”

மறுநாள் ஆத்தூர் கடையில் மஸ்கோத்து அல்வா வாங்கி, ஒரு பொட்டலத்தை அவன் மடியில் வைத்தாள். பிறகு வாரத்துக்கு ஒருநாள் அப்படி ஏதாவது வாங்கிக் கொடுத்தாள். ஒருமுறை அவன் சொன்னான்: “லேப் பக்கமே போகப் பிடிக்கல. அந்தக் கட்டடத்துல என்கிட்ட மொகம் குடுத்துப் பேசுறது நீங்க ஒருத்தர்தான்க்கா.” அன்றைக்கு வேலையில் அவள் வாளியை இரண்டு தடவை கவிழ்த்தாள்.

நாலு மாதம் போயிற்று. இதைப்போன்ற விஷயம் நாளாக நாளாக லேசாகும் என்று அவள் நினைத்திருந்தாள். ஆகவில்லை. முதல் நாள் சொல்லியிருந்தால் தெரியாமல் செய்த தப்பு. ஒரு வாரம் கழித்துச் சொன்னால் பயந்தவள். நாலு மாதம் கழித்துச் சொன்னால் அதற்கு வேறு பெயர். ஒவ்வொரு நாளும் பெயர் மோசமாகிக்கொண்டே போனது.

மாசி மாதம் ஒரு புதன்கிழமை, ரோபோ அறையில் ஜெஸ்மி பால்துரையிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. பெங்களூரில் ரோபோ செய்கிற ஒரு கம்பெனி ஆறு மாதப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறது. கிருபாநிதி சார் கடிதம் கொடுத்தால் போதும், எடுத்துக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி கடைசி.

“நானே போய்ச் சொன்னேன் அவன்கிட்ட” என்றாள் ஜெஸ்மி. “சாருக்குக் கோவம் ஆறிருக்கும், லெட்டர் கேளுன்னேன். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேக்கச் சொல்லுதன்னு திருப்பிக் கேக்கான். நம்ம ஆறு பேருல கைவேலை தெரிஞ்சவன் அவன்தான். நமக்கெல்லாம் கிடைச்சு அவனுக்கு இல்லன்னா நல்லாவா இருக்கு?”

“அவனாப் போய்க் கேக்காம சார் எப்படிக் குடுப்பாரு?” என்றான் பால்துரை. அவன்கூட அன்றைக்குக் கேலி பேசவில்லை.

வியாழக்கிழமை விஜிலா கிருபாநிதியின் அறைக்குப் போனாள். சொல்ல வேண்டியதைப் படியேறும்போதே மூன்று தடவை சொல்லிப் பார்த்திருந்தாள். அவர் விடைத்தாள் கட்டுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

“என்னம்மா?”

“சார்... நான்...”

“லீவா?”

அவள் பார்வை விடைத்தாள் கட்டுக்குப் போயிற்று.

“சூப்பர்வைசர்கிட்டச் சொன்னாப் போதும், நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. எடுத்துக்கிடுங்க. எத்தனை நாளு?”

“ஒரு நாளு சார்.”

“போயிட்டு வாங்க.”

வெளியே வந்து படியிறங்கும்போது கண்ணில் நீர் முட்டியது. கேட்காத லீவை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். முத்துக்கனி கேட்டாள், “எதுக்குளா லீவு?”

வெள்ளிக்கிழமை அந்த லீவை எடுக்காமலே பஸ் ஏறினாள். இல்யாஸ் கடைசி இருக்கையில் தனியாக இருந்தான். நேராகப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாயங்காலம் ஐந்து மணி வரை நேரம் இருக்கிறது. சொல்லிவிட்டால் அவனே போய்ச் சாரிடம் கடிதம் கேட்டுவிடுவான். ஆத்தூர்ப் பாலம் தாண்டுவதற்குள் சொல்லி முடித்தாள். மடியில் இருந்த சாப்பாட்டுப் பையைப் பார்த்துக்கொண்டே, நிறுத்தாமல், பாட்டில், பைப்புத் தண்ணீர், ஒரு கை உப்பு, மூன்று தடவை என்று எல்லாவற்றையும்.

இல்யாஸ் முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

“எந்த அன்னைக்கு?”

“நீங்க கிளம்புன அன்னைக்குக் காலையில.”

“சார் என்னைத் திட்டும்போது நீங்க அங்கனதான இருந்தீங்க?”

“இருந்தேன்.”

“நாலு மாசமாக்கா?” அவன் குரல் உயரவில்லை. “நாலு மாசமா ஒழுங்காத் தூங்கல நான். தொழுகையில நிக்கும்போதுகூட அந்தக் கோல்தான் கண்ணுக்குள்ள வருது. ஆறு பேரு வாழ்க்கையைக் கெடுத்துட்டேன்னு...” நிறுத்தினான். பிறகு, ஏதோ அப்போதுதான் நினைவுக்கு வந்தவன்போல அவளைத் திரும்பிப் பார்த்தான். “அல்வா குடுத்தீங்களே. அதுக்குத்தானா?”

விஜிலா சாப்பாட்டுப் பையை மடியோடு இழுத்துக்கொண்டாள்.

முக்காணியில் பஸ் நின்றது. அவன் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டான். அது அவன் இறங்கும் இடம் இல்லை. பஸ் நகரும்போது பார்த்தாள். எதிர்ப்பக்கம் காயல்பட்டினம் போகும் பஸ்ஸுக்காக ரோட்டைக் கடந்துகொண்டிருந்தான்.

அவன் இன்றைக்குக் கல்லூரிக்கு வரப்போவதில்லை என்றால் கடிதத்தை யார் கேட்பது? தானே சாரிடம் சொல்லிவிடுவது என்று இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போனாள். அறை பூட்டியிருந்தது. பரீட்சை வேலையாகத் திருநெல்வேலி போயிருக்கிறார், திங்கட்கிழமைதான் வருவார் என்றார்கள். ரோபோ அறையில் ஜெஸ்மி மட்டும் இருந்தாள். சாருக்கு ஒரு போன் போட்டால் முடிகிற காரியம்; அந்த நம்பர் ஜெஸ்மியிடம் இருக்கிறது. விஜிலா வாசற்படியிலேயே நின்றாள்.

“என்னக்கா, மூச்சு வாங்குது? யாரைத் தேடுதீங்க?”

ஜெஸ்மி சிரித்த முகத்தோடுதான் கேட்டாள். அந்தச் சிரிப்பு அணைவதைப் பார்க்க வேண்டும். காலையில் ஒரு முகம் அணைந்ததைப் பார்த்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

“ஒண்ணுமில்ல” என்றாள் விஜிலா.

அந்த வெள்ளிக்கிழமை ஐந்து மணி அடித்தபோது அவள் கீழ்த்தளத்தில் கழிப்பறை கழுவிக்கொண்டிருந்தாள். உப்பு தெளித்தது தெரியாமல் செய்தது. அன்றைக்கு வாயை மூடியது பயந்து செய்தது. இந்த ‘ஒண்ணுமில்ல’வை மட்டும் எதிலும் சேர்க்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. என்ன நடக்கும் என்று தெரிந்தே சொன்னது அது.

திங்கட்கிழமை அவர்கள் எல்லோரும் இருக்கும் நேரமாகப் பார்த்து அந்த அறைக்குப் போனாள். கிருபாநிதியும் இருந்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டு, கதவுக்குப் பக்கத்திலேயே நின்று சொன்னாள். குரல் நடுங்கியதால் முதல் தடவை யாருக்கும் புரியவில்லை. மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டி வந்தது. வெள்ளிக்கிழமை வந்து சொல்லாமல் போனதையும் சேர்த்துச் சொன்னாள்.

பால்துரை ஏதோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டான்.

“எங்களுக்காகவாக்கா தெளிச்சீங்க?” என்றாள் ஜெஸ்மி. அப்புறம் அவள் முகம் சிவந்தது. “வெள்ளிக்கிழமை நான் இங்கனதான இருந்தேன். கேட்டேன்லா உங்ககிட்ட.”

கிருபாநிதி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்து அவள் தலையைக் குனிந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர், “நான் அந்தப் பயலை ஒரு வார்த்தை சரியா விசாரிக்கலையே” என்று மட்டும் தனக்குள் சொல்லிக்கொண்டு, போனை எடுத்து இல்யாஸைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவன் எடுக்கவில்லை. பிறகு பெங்களூருக்குப் பேசினார். பேசி முடித்ததும் முகத்திலிருந்தே தெரிந்தது. இந்த வருடத்துக்கு இடம் முடிந்துவிட்டது.

“நீங்க போங்கம்மா” என்றார் அவளிடம். கோபமாகச் சொல்லவில்லை.

மறுநாள் அவரே காயல்பட்டினத்துக்குப் போய், இல்யாஸின் உம்மாவும் இருக்கும்போது அவனிடம் மன்னிப்புக் கேட்டதாக முத்துக்கனி சொன்னாள். விஜிலாவை வேலையை விட்டு எடுக்கச் சொல்லி யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அவளாகவே சூப்பர்வைசரிடம் போய் வேறு கட்டடம் கேட்டாள். இந்த முறை அவர், “என்னம்மா?” என்று கேட்டதுமே சொல்லிவிட்டாள்.

இல்யாஸ் இப்போது நான்காம் ஆண்டு படிக்கிறான். அணியில் சேர்ந்துவிட்டான், புது கோல்கீப்பரையும் அவன்தான் செய்கிறான். பெங்களூர் பயிற்சிக்கு ஜெஸ்மியும் பால்துரையும் போய்வந்துவிட்டார்கள், அவன் போகவில்லை. விஜிலா நூலகக் கட்டடத்தைப் பெருக்குகிறாள். இருவரும் இன்னும் அதே பஸ்ஸில்தான் வருகிறார்கள். பேசிக்கொள்வதில்லை.